கழுநீரில் மஞ்சளாகிப் போன வைரம்

எழுபதுகளின் கடைசியில், மேட்டூர்த் தண்ணீர் நேரத்தோடு வந்து சம்பா நன்றாக விளைந்த ஒரு தை மாதத்தில் நடந்தது இது. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அப்போது எனக்கு முப்பது வயது இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் பிறந்ததிலிருந்து பண்ணை வேலைதான். அவர் ஏர் ஓட்டுவார், நான் நடவுக்கும் களைக்கும் போவேன். நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிலிருந்து எடுத்த நிலத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கர் பட்டா கிடைத்தது. கிடைத்தது என்று சொன்னேனே தவிர, கால் வைக்க முடியவில்லை. பண்ணையார் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார். நாலு வருஷம் வாய்தா, வாய்தா என்று அலைந்தோம். அறுப்புக் காலம் வந்தால் வாய்க்கால் கரையில் போலீஸ் வண்டி நிற்கும். எங்கள் தெருக்காரர்கள் பண்ணை வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு செய்து வைத்திருந்தார்கள். என் மூக்கில் கிடந்த தங்க மூக்குத்தி அந்த நாட்களில்தான் வக்கீலுக்குப் போனது. ஓட்டை தூர்ந்துவிடக் கூடாதென்று வேப்பங்குச்சியைச் சொருகி வைத்திருந்தேன்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. முதல் வெள்ளாமையைக் களத்தில் குவித்த அன்று என் வீட்டுக்காரர் என் மூக்கைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏ புள்ள, சாப்பாட்டு நெல்லு, விதை நெல்லு போக மிச்சமெல்லாம் உன் மூக்குக்குத்தான். இந்தத் தடவை தங்கம் இல்ல, வைரம்."

"உங்களுக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா?"

"ஏன், பண்ணை வீட்டு மூக்கு மட்டும்தான் மின்னணுமா?"

அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. நெல்லை விற்ற பணத்தோடு மன்னார்குடிக்குப் பஸ் ஏறினோம்.

முதலில் போனது கடைத்தெருவில் ஒரு பெரிய கடை. கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஒரு வெள்ளைத் தாளை நீளவாக்கில் மடித்து, அந்த மடிப்புக்குள் ஐந்து வைரங்களைக் கவிழ்த்து வரிசையாக வைத்தார். மேலிருந்து பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கச் சொன்னார். முதல் கல் தெளிந்த வாய்க்கால் தண்ணீர் மாதிரி இருந்தது. போகப் போக நிறம் ஏறியது. ஒரு பக்கம் பச்சரிசி, ஒரு பக்கம் புழுங்கலரிசி, நடுவில் மூன்று என்று நான் மனதில் கணக்கு வைத்துக்கொண்டேன். அந்த நிறத்துக்கு மஞ்சள் ஓட்டம் என்று பெயர், ஓட்டம் கூடக் கூட விலை குறையும் என்றார். இப்போதெல்லாம் இதற்கே இங்கிலீஷ் எழுத்துப் போட்டு டி முதல் இசட் வரைக்கும் தரம் பிரிக்கிறார்களாம், என் மருமகள் சொன்னாள். அன்றைக்கு எங்களுக்கு எழுத்து ஒன்றும் இல்லை, ஐந்து கல்தான்.

எங்களிடம் இருந்த பணத்தைக் கேட்டுக்கொண்டு பெரியவர் நாலாவது கல்லைத் தொட்டார். "உங்க பணத்துக்கு இது வரும். நல்லாப் பட்டை தீட்டின கல்லு. தங்கத்துல உக்காந்துட்டா இந்த மஞ்சள் தெரியாதுங்க."

என் வீட்டுக்காரருக்கு முகம் மாறிவிட்டது. "கூலிக்காரன்னா மஞ்சக் கல்லா? தெரியாதுன்னு சொல்லி எங்க தலையில கட்டுறீங்களா?" என்று எழுந்துவிட்டார். நாலு வருஷமாக எதைக் கேட்டாலும் உனக்கு இது போதும் என்ற பதிலையே கேட்டுக்கொண்டிருந்தவர். அவருடைய காதில் இதுவும் அப்படித்தான் விழுந்தது. பெரியவர் கோபப்படவில்லை. கற்களைப் பொட்டலத்தில் மடித்துக்கொண்டு, "யோசிச்சுட்டு வாங்க" என்றார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னக் கடை. அந்தக் கடைக்காரர் என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த சிவப்புத் துண்டைப் பார்த்ததுமே, "வாங்க தலைவரே! உள்ளே வாங்க. அக்கா, உக்காருங்க" என்றார். கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். எங்கள் பணத்துக்கே ஒரு கல் எடுத்துக் காட்டினார். வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை, லேசாக நீலம்கூட அடித்தது. "உங்களுக்குன்னு ஒரு விலை தலைவரே. நீங்க போராடுறவங்க" என்றார். தலைவர் என்ற வார்த்தையில் என் வீட்டுக்காரர் கரைந்து போனார். அந்தக் கடையில் அவர் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் வைரத்தை வாங்கியதும் போட்டுக்கொள்ள மாட்டார்கள். மூன்று நாள் வீட்டில் வைத்திருந்து, கெட்ட சொப்பனம், காய்ச்சல், சண்டை எதுவும் வரவில்லை என்றால்தான் கல் ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். அப்புறம் தங்கத்தில் பதிக்கக் கொடுப்பார்கள். கடைக்காரரும் அதையே சொன்னார். "மூணு நாள் வச்சுப் பாருங்க அக்கா. தண்ணி மட்டும் காட்டிராதீங்க. அதான் சாஸ்திரம்." பணம் முழுவதையும் வாங்கிக்கொண்டு, வெள்ளை வைரம் ஒன்று என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் நெல்லில் வைப்பது எங்கள் வழக்கம். மரக்கால் நிறையப் புது நெல் எடுத்து, அதன்மேல் கல்லை வைத்தேன். பொட்டலத்தோடு வைத்தால் கல்லுக்கு எப்படி வீடு தெரியும் என்று நினைத்துப் பிரித்தே வைத்தேன். மூன்று நாளும் ஒரு கெட்டதும் வரவில்லை. வெண்கலப் பானையில் விரல் சுட்டுக்கொண்டதைக்கூட நான் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவு ஆசை.

மூன்றாம் நாள் காலையில் எடுத்துப் பார்த்தால் கல் முழுக்க நெல் சுணைத் தூசி. துணியால் துடைத்தேன், போகவில்லை. இப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால் சுத்தம் தெரியாத ஜனம் என்று கடைக்காரர் நினைப்பாரே என்று பட்டது. தண்ணீர் காட்டக் கூடாது. ஆனால் அரிசி களைந்த கழுநீர் தண்ணீர் இல்லையே? எனக்கு நானே அப்படி ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, வெதுவெதுப்பான கழுநீரில் கல்லைப் போட்டு, பழைய வேட்டித் துணியால் நன்றாகத் தேய்த்து எடுத்தேன்.

வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். கல் மஞ்சளாக இருந்தது.

முதலில், இது வேறு ஏதோ கல், நம் கல் மரக்காலிலேயே கிடக்கிறது என்று நினைத்தேன். நெல்லை முறத்தில் கொட்டி, ஒரு மரக்கால் நெல்லையும் மணி மணியாகத் தள்ளிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சாஸ்திரத்தை மீறியதால் கல் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன்.

பணம் போனதுகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. கடையில் வெள்ளை என்று சீட்டு இருக்கிறது. மஞ்சள் கல்லைக் கொண்டுபோய் நீட்டினால் என்ன சொல்வார்கள்? கூலிக்காரப் பொம்பளை கல்லை மாற்றிவிட்டாள் என்பார்கள். அந்தப் பேச்சு பஸ்ஸில் ஏறி எங்களுக்கு முன்னால் ஊருக்கு வந்துவிடும். நிலத்தையும் இப்படித்தான் எடுத்தார்கள், திருட்டுக் கூட்டம் என்று சொல்ல ஆள் காத்துக்கொண்டிருந்த காலம் அது. நாலு வருஷம் என் வீட்டுக்காரர் கட்டிக்காத்த பெயர் என் கழுநீரில் போய்விடும். அன்று அவர் விவசாயச் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார். மறுநாள் காலையில் கடைக்குப் போகிறோம் என்று சொல்லியிருந்தார்.

யாரிடம் கேட்பது? எங்கள் தெருவில் வைரத்தைக் கையால் தொட்டவர்கள் கிடையாது. ஊர்ப் பத்தரிடம் சொன்னால் டீக்கடையில் சொன்ன மாதிரி, ஊருக்கே தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்து வைரம் இருந்த ஒரே இடம் பண்ணை வீடு. அந்த வீட்டு அம்மாவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். அவர் வரப்பில் வந்து நின்றால் மூக்கில் மின்னுவது நடவு வயல் நடுவிலிருந்து தெரியும்.

உச்சி வெயிலில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கொல்லைப் பக்கமாகப் போய் நின்றேன். அந்த அம்மா கிணற்றடியில் வற்றல் பரப்பிக்கொண்டிருந்தார்.

"யாருடி அது?"

"நான்தாங்கம்மா."

நிமிர்ந்து பார்த்தார். "அட, பட்டாக்காரியா! வா, வா. என்ன, மிச்ச நிலத்தையும் எழுதி வாங்கிட்டுப் போவலாம்னு வந்தியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

"ஏய், எதுக்குடி அழுவுற? உன் புருஷன் அடிச்சானா?"

"இல்லைங்கம்மா."

"பின்ன என்ன? வாயத் திறந்து சொல்லு. வத்தல் காயறதுக்குள்ள சொல்லிருவியா?"

மடியிலிருந்து, கல்லை முடிந்திருந்த அந்த வேட்டித் துணியை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். "காசு குடுத்து வாங்கினதுங்கம்மா. சீட்டு இருக்கு" என்றேன்.

"சீட்டைக் காட்டச் சொல்லி உன்னை யாரு கேட்டா?" என்றார். அப்புறம் சிரித்துவிட்டார். "வைரமா! எங்க வீட்டுக்காரரு கோர்ட்டுக்கு அலைஞ்சு அலைஞ்சு எனக்கு ஒரு வளையல் வாங்கித் தரல. உன் ஆளு ஜெயிச்ச கையோட வைரம் வாங்கித் தர்றானா? குடுத்து வச்சவடி நீ."

அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. மரக்கால், சுணை, கழுநீர் எல்லாவற்றையும் சொன்னேன். கழுநீர் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அவர் கல்லைப் பார்க்கவே இல்லை, துணியைத்தான் பார்த்தார். ஒரு மூலையில் லேசாக ஊதாக் கறை இருந்தது. என் சேலைச் சாயம் என்று நான் நினைத்திருந்தேன்.

"இது சாயம் இல்லடி. காப்பிங் பென்சில். எச்சில் தொட்டு எழுதுவாங்களே, அது. மஞ்சக் கல்லுக்கு அடியில ஒரு பொட்டு தடவிட்டா மஞ்சள் செத்துரும், வெள்ளையா காட்டும். அவன் பென்சிலை நீ கழுவிட்டே. அதான் தண்ணி காட்டாதேன்னான். கல்லு கெடவும் இல்ல, மாறவும் இல்ல. கல்லுக்கு இதுதான் நிறம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் உள்ளே போய் ஒரு குங்குமச் சிமிழும் காலண்டரில் கிழித்த தாளும் கொண்டுவந்தார். தாளைப் பெரிய கடைப் பெரியவர் மடித்த மாதிரியே மடித்தார். என் கல்லைக் கவிழ்த்து வைத்தார். சிமிழுக்குள், தோட்டிலிருந்து கழன்று விழுந்த ஒரு கல் இருந்தது. அதை என் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இப்ப பாரு. எது மஞ்சள்?"

குனிந்து பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றேன். அந்த அம்மாவின் கல்தான் அதிக மஞ்சள்.

"சொல்லேன். வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றவர் தன் கல்லை விரல் நுனியில் எடுத்தார். "எங்கப்பா வெள்ளைன்னு நம்பித்தான் வாங்கினாரு. நான் இந்த வீட்டுக்கு வந்த மூணாம் நாளு, என் மாமியாரு சொந்தக்காரங்க அத்தனை பேரு முன்னாடியும் என்னைத் தோடு, மூக்குத்தியெல்லாம் கழட்டச் சொல்லி, கல்லைப் பிரிச்செடுத்து, இதே மாதிரி தாள்ல கவுத்துப் போட்டாங்க. அன்னையிலேருந்து அவங்க சாவுற வரைக்கும் இந்த வீட்டுல எனக்கு மஞ்சக் கல்லுக்காரின்னுதான் பேரு. அப்புறம்தான் நான் கல்லு பார்க்கவே கத்துக்கிட்டேன்."

"இத்தினி வருஷமா நீ என் மூக்கையும் காதையும் பார்க்குறியே, மஞ்சளாவா தெரிஞ்சுது?"

"இல்லைங்கம்மா. நடவு வயல் வரைக்கும் மின்னும்ங்க."

"அவ்வளவுதான். கவுத்துப் போட்டா மஞ்சள், நிமிர்த்தி வச்சா மின்னல். தங்கமே மஞ்சள். அதுக்குள்ள உக்காந்த கல்லுல இருக்குற மஞ்சளை எவன் பிரிச்சுப் பார்க்கப் போறான்? கையில காசு கம்மியா இருந்தா நிறத்துக்குக் குடுக்காத, பட்டைக்குக் குடு. பட்டை நல்லா இருந்தாத்தான் மின்னும். ஆனா மஞ்சக் கல்லுக்கு மஞ்சக் கல்லு விலைதான் குடுக்கணும். உன் கல்லுல பட்டை ஒழுங்கா இல்ல, பாரு, ஒரு பக்கம் மின்னாம தூங்குது. திருப்பிக் குடுத்துரு."

"கல்லை மாத்திட்டோம்னு சொல்லுவாங்களேம்மா."

"சொல்லட்டும். அவன் வச்சிருக்குற வேற வெள்ளைக் கல்லு ஒண்ண எடுத்து, ஈரத்துணியால ஒரு தடவை துடைச்சுக் காட்டச் சொல்லு. துடைக்க மாட்டான். நீ ஒண்ணும் பயப்படாத."

என் கல்லைத் துணியில் முடிந்து, அவரே என் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். அந்த வீட்டில் அதுவரை கூலியைக்கூடக் கை படாமல் முறத்தில் கொட்டித்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். வாசல் பக்கம் யாரோ செருமும் சத்தம் கேட்டது. "போ, போ, மாட்டுக்கொட்டகை வழியாப் போ. நான் சொன்னேன்னு மூச்சு விட்டுராத. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்னையும் கேஸ்ல சேர்த்து விட்டுருவாரு" என்று தள்ளினார்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் வைத்துத்தான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கழுநீர் என்றபோது முறைத்தார். பென்சில் என்றபோது வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். "யாரு சொன்னா உனக்கு?" என்று கேட்டார். விவரம் தெரிந்த ஒரு பொம்பளை என்றேன்.

கடையில் நான் பயந்தது அப்படியே நடந்தது. கல்லைப் பார்த்ததும் கடைக்காரருடைய குரல் மாறியது. தலைவரே என்ற பேச்சு போய், "இந்தாப்பா, எங்க கடைக் கல்லு வெள்ளை. சீட்டப் பாரு. கல்லை மாத்திட்டு எங்கிட்டயே வர்றீங்களா? போலீசைக் கூப்பிடவா?" என்றார். தெருவில் போனவர்கள் நின்றார்கள். என் வீட்டுக்காரர் மேசையை நோக்கி ஒரு எட்டு வைத்தார். அவர் கை ஓங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது, கேஸ் அவர்மேல்தான் வரும்.

நாலு பேர் முன்னால் நான் அதுவரை வாய் திறந்ததில்லை. எப்படிப் பேசினேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஊதாக் கறை பட்ட துணியை மேசைமேல் விரித்தேன். அங்கே இருந்த சொம்புத் தண்ணீரில் அதன் மறு ஓரத்தை நனைத்தேன்.

"நாங்க மாத்துனதாவே இருக்கட்டுங்க. உங்க பெட்டியில இருக்குற வேற வெள்ளைக் கல்லு ஒண்ணை இந்தத் துணியால துடைச்சுக் காட்டுங்க. வெள்ளையாவே இருந்தா நாங்க பேசாம போயிடுறோம்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். பெட்டியை மட்டும் திறக்கவில்லை. வாசலில் நின்ற ஒருவர், "அக்கா கேக்குதுல்ல, துடைங்களேன். நாங்களும் பார்க்குறோம்" என்றார். இன்னொருவர் சிரித்தார். "சரி சரி, உங்களுக்கு ஒத்துக்கலைன்னா திருப்பிக் குடுத்துட்டுப் போங்க, இதுக்கு எதுக்குக் கூட்டம்" என்று முணுமுணுத்தபடி எங்கள் பணத்தை எண்ணி வைத்தார்.

வெளியே வந்து நடந்தோம். பெரிய கடை வந்தது. என் வீட்டுக்காரர் படியில் தயங்கினார். பிறகு உள்ளே போய்த் தலையைக் குனிந்துகொண்டு, "அந்த நாலாவது கல்லையே குடுங்கய்யா" என்றார். பெரியவர் எங்களை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. தாளை மடித்து, மறுபடியும் ஐந்து கற்களையும் வரிசையாக வைத்தார். இந்தத் தடவை என் வீட்டுக்காரர் நிதானமாகக் குனிந்து பார்த்தார். "ஏ புள்ள, இதுல மஞ்சள் இருக்குறதும் ஒரு அழகாத்தான் இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு ஏக்கர் மட்டும் வைத்துக்கொண்டு சாப்பிட முடியாது. கேஸ் முடிந்து தெருக் கட்டுப்பாடும் தளர்ந்திருந்ததால், அடுத்த நடவுக்குப் பண்ணை வயலுக்கும் கூலிக்குப் போனேன். இருபது பெண்கள் வரிசையில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தோம். என் மூக்குத்தியைப் பற்றி அதற்குள் பேச்சு கிளம்பியிருந்தது. அது கண்ணாடிக் கல், மஞ்சள் கல், கூலிக்காரனுக்கு எதற்கு வைரம் என்று நடவை மேற்பார்க்கும் பண்ணைக் காரியக்காரரே வரப்பில் நின்று கிண்டல் செய்துகொண்டிருந்தார். நான் தலை தூக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பண்ணை வீட்டு அம்மா வரப்பில் வந்தார்.

"ஏண்டி, நிமிரு" என்றார். நிமிர்ந்தேன். கண்ணை இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காரியக்காரர் பக்கம் திரும்பி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்னா வெள்ளை பாருங்க! இந்த ஊர்ல இப்படி ஒரு கல்லை நான் பார்த்ததில்ல" என்றார். என்னிடம், "யாருடி வாங்கித் தந்தது?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரருங்கம்மா."

"ம். நடு, நடு. நாத்து முடி காயுது" என்று நாற்றைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் அந்தக் கல்லைப் பற்றிப் பேசவில்லை. என் வீட்டுக்காரர் கடைசிவரை, யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் சொல்லாமலே இருந்துவிட்டேன். இப்போது அவரும் இல்லை, அந்த அம்மாவும் இல்லை. நிலம் போன கோபம் இருந்த வீடு அது. என்னைத் தாளில் கவிழ்த்துப் போட்டுக் காட்ட அந்த அம்மாவுக்கு ஒரு நிமிஷம் போதும், அவர் என்னை நிமிரச் சொன்னார். இன்றைக்கும் யாருடைய குறையாவது என் கண்ணில் பட்டு, நாலு பேர் முன்னால் அதைச் சொல்லிவிட நாக்கு எழும்போது, அந்த வரப்பு ஞாபகம் வந்து பேசாமல் இருந்துவிடுகிறேன்.